கரி படிந்த ஓடும் அதைப் படிக்கும் வழியும்

நானோ அறிவியல் படிக்க ஆசை, எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது, "கீழடிக்கு ஒருதரம் போய்ட்டு வா" என்பதுதான். உசிலம்பட்டி அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நானோ என்றால் அமெரிக்கா, ஜப்பான், மிஞ்சிப்போனால் பெங்களூரு. நம் வாசலிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில், வைகைக் கரை மண்ணுக்குள் அதற்கான பாடம் கிடந்தது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில் எனக்கு அவ்வளவு அக்கறை.

கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது. அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளின் முன்னால் நிற்பார்கள். நிற்க வேண்டிய இடம்தான். ஆனால் இயற்பியல் படிக்கிற பிள்ளை எழுத்தே இல்லாத கருப்பு சிவப்பு ஓடுகளையும் பார்க்க வேண்டும். வெளிப்புறம் செம்மண் சிவப்பு, வாய் விளிம்பும் உட்புறமும் கருப்பு. அந்தக் கருப்பு பூசிக் காய்ந்த மை போல உதிராது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஈர மண்ணில் கிடந்தும் பளபளப்பு போகாத ஓடுகள் உண்டு. இதே வகை ஓடு உசிலம்பட்டி வட்டாரத்துக் கண்மாய்க் கரைகளிலும் உழுத காட்டிலும் கிடக்கும். ஆடு மேய்க்கிற பையன்கள் சில்லுக்கு எடுத்து விளையாடுவார்கள்.

2020 நவம்பரில் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. வேலூர் விஐடி பல்கலைக்கழகத்தின் மணிவண்ணன் கோகர்ணேஸ்வரன், விஜயானந்த் சந்திரசேகரன் முதலானவர்கள் எழுதியது. மாநிலத் தொல்லியல் துறையின் சிவானந்தமும் ஆசிரியர்களில் ஒருவர். கீழடி ஓட்டின் உட்புறக் கருப்புப் பூச்சை எடுத்து ஆராய்ந்தபோது அதில் கார்பன் நானோகுழாய்கள் இருந்தன என்றது அந்தக் கட்டுரை. ஒற்றைச் சுவர்க் குழாயும் இருந்தது, பல சுவர்க் குழாயும் இருந்தது, அடுக்கடுக்கான தாள்களும் இருந்தன. மனிதர் கைபட்ட பொருள்களில் இதுவரை தெரியவந்த கார்பன் நானோ அமைப்புகளில் இவையே மிகப் பழையவை என்பது அவர்கள் கணிப்பு.

கார்பன் நானோகுழாய் என்றால் என்ன? பென்சில் குச்சியில் இருக்கும் கிராஃபைட் தாள் தாளாக அமைந்தது. ஒவ்வொரு தாளிலும் கார்பன் அணுக்கள் அறுகோணம் அறுகோணமாகக் கைகோத்து நிற்கும். அந்தத் தாளில் ஒன்றைச் சுருட்டினால் வருவது குழாய். அதன் குறுக்களவு ஒன்றிரண்டு நானோமீட்டரிலிருந்து சில பத்து நானோமீட்டர் வரை. ஒரு மீட்டரில் 100 கோடியில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இந்தக் குழாயை இழுத்தால் உருக்கைவிடப் பல மடங்கு தாங்கும். ஜப்பானில் என்இசி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த சுமியோ இஜிமா 1991-இல் இதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து ‘நேச்சர்’ இதழில் எழுதிய பிறகுதான் உலகம் இந்தப் பக்கம் திரும்பியது. 1952-லேயே ரஷ்யாவில் ராதுஷ்கேவிச்சும் லுக்யானோவிச்சும் இத்தகைய குழாய்களின் படத்தை வெளியிட்டிருந்தார்கள். ரஷ்ய மொழியில் வந்ததால் வெளியே யாரும் கண்டுகொள்ளவில்லை. எந்த மொழியில் எழுதுகிறோம், யார் கைக்கு அது போய்ச் சேருகிறது என்பது அறிவியலிலும் எவ்வளவு பெரிய காரியம் என்று இதை வைத்து வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

இஜிமா பார்த்தது ஆய்வுக்கூடத்தில் மின்வில் வைத்து உண்டாக்கிய கரியில். கீழடியில் கிடைத்ததும் கரியில்தான். அந்தக் கரி எப்படி வந்தது என்று தெரிய வேண்டுமானால் சூளைப் பக்கம் போக வேண்டும்.

எங்கள் பகுதியில் மண்வேலை செய்கிறவர்கள் வேளார்கள். ஊர்ச் சாமிக்குப் புரவி எடுப்பதென்றால் ஊர்க்காரர்கள் பிடிமண் கொடுத்த பிறகுதான் அவர்கள் மண் குழைப்பார்கள். புரவி எடுப்பு இன்றும் நடக்கிறது. சட்டி பானை அடிப்பதுதான் குறைந்துவிட்டது. பொங்கலுக்குப் பானை, கார்த்திகைக்கு அகல் விளக்கு என்று ஓடுகிறது பிழைப்பு. எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் கீழடி ஓட்டின் படத்தைக் காட்டினேன். போனைக் கையில் வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கவுத்து வச்சுச் சுட்டுருக்கான் வாத்தியாரய்யா. கவுத்து வச்சா உள்ள காத்துப் போகாது, புகை அடைஞ்சு கருத்துப் போகும். வெளிய தீ நல்லா வாங்கும், செவந்துரும். அம்புட்டுத்தான்."

தொல்லியலார் தரும் விளக்கமும் ஏறக்குறைய இதேதான். உட்புறம் ஆக்ஸிஜன் எட்டாமல் கார்பன் படிகிறது. வெளிப்புறம் மண்ணிலிருக்கும் இரும்பு, காற்று பட்டு ஹேமடைட்டாகிச் சிவக்கிறது. மாநிலத் தொல்லியல் துறை 2019 செப்டம்பரில் வெளியிட்ட கீழடி அறிக்கையும் சிவப்புக்கு ஹேமடைட், கருப்புக்குக் கார்பன், சூளை வெப்பம் 1100 டிகிரி செல்சியஸ் வரை என்று சொல்லியிருக்கிறது. பெரியவருக்கு ஹேமடைட் என்ற பெயர் தெரியாது. தீயின் நிறத்தைப் பார்த்து எப்போது மூட்டத்தைப் பிரிக்கலாம் என்று தெரியும். இன்னொன்றும் சொன்னார். சூடு அடங்குவதற்கு முன்னால் ஆசைப்பட்டுப் பிரித்தால் காற்றுப் பட்டு உள்ளே படிந்த கருப்பும் வெளுத்துவிடுமாம். கார்பன் மறுபடி எரிந்து போகிறது என்று பாடப்புத்தக மொழியில் அதை எழுதலாம்.

ஆனால் வெறும் புகை படிந்தால் நானோகுழாய் வருமா என்பது வேறு கேள்வி. சுடுவதற்கு முன்னால் பானையின் உட்புறத்தில் ஏதோ ஒரு தாவரச் சாறு பூசியிருக்கலாம், அதிக வெப்பத்தில் அதிலிருந்து குழாய்கள் உருவாகியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருத்துச் சொன்னார்கள். எந்தச் சாறு என்பதற்கு இன்னும் விடையில்லை. எனக்கு இந்தக் கட்டுரையிலேயே சுவையான இடம் அதுதான்.

கட்டுரை வந்த வாரம் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த செய்திகளை நினைத்துப் பார்க்கிறேன். தமிழன் அன்றே நானோ தொழில்நுட்பம் கண்டான் என்று ஆளாளுக்கு அனுப்பினார்கள். அந்தப் பெருமிதம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கண்ணுக்குத் தெரியாத குழாய் ஒன்று உண்டென்று அந்தக் குயவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது மண், நெருப்பு, காற்றை எப்போது அடைப்பது, எப்போது திறப்பது. அந்த அறிவைத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி, ஒரே தரத்தில் ஆயிரக்கணக்கான பானைகளைச் சுட்டெடுத்தார்கள். அவர்கள் செய்யாத ஒன்றை அவர்கள் தலையில் கட்டினால் செய்ததை மறைத்துவிடுகிறோம். காலக்கணிப்பிலும் இதே நிதானம் வேண்டும். கீழடிக்கு கி.மு. 580 என்று சொல்வது 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரி மாதிரியைச் சோதித்து வந்த ஆண்டு. எல்லா ஓட்டுக்கும் அதே வயது என்று அர்த்தமில்லை.

இதே போன்ற ஒரு கதை 2006-இல் வந்தது. ஜெர்மனியில் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பீட்டர் பௌஃப்ளரும் மரியான் ரைபோல்டும் குழுவினரும், அசதுல்லா என்ற கொல்லர் 17-ஆம் நூற்றாண்டில் செய்த டமாஸ்கஸ் வாளின் துணுக்கு ஒன்றை ஆராய்ந்தார்கள். அதிலும் கார்பன் நானோகுழாய்கள். அவ்வகை வாளுக்கு மூலப்பொருளாகப் போனது தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறிய உருக்கு. மூசையில் இரும்பையும் தாவரப் பொருளையும் சேர்த்து மூடிக் காய்ச்சி எடுப்பது. கொடுமணல் அகழாய்விலும் உலைகளும் மூசைகளும் கிடைத்திருக்கின்றன. கொல்லரும் குயவரும் செய்தது அடிப்படையில் ஒரே வேலை. இலை தழையின் கார்பனைக் காற்று இல்லாமல் சுட்டார்கள்.

கீழடி ஓட்டை எந்தக் கருவி படித்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட மாட்டேன். முதல் கருவி ராமன் நிறமாலைமானி. திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் கண்ட ராமன் விளைவில்தான் அது இயங்குகிறது. பொருள் மேல் ஒளியை விழவிட்டால் சிதறி வரும் ஒளியில் சிறு பகுதி நிறம் மாறி வரும். அந்த மாற்றம் மூலக்கூறின் அதிர்வைக் காட்டிக்கொடுக்கும். ஒற்றைச் சுவர் நானோகுழாய் மார்பு விரிந்து சுருங்குவதுபோல அதிரும். அந்த அதிர்வின் எண்ணைக் கொண்டே குழாயின் விட்டத்தைக் கணக்கிடலாம்.

ராமனோடு அந்த ஆய்வில் தோளோடு தோள் நின்றவர் கே.எஸ். கிருஷ்ணன். 1898-இல் வத்திராயிருப்பில் பிறந்தவர். உசிலம்பட்டியிலிருந்து எழுமலை, சாப்டூர் பக்கமாகத் தெற்கே போனால் அந்த ஊர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தார். அவர் கங்குலியுடன் சேர்ந்து 1939-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. கிராஃபைட் படிகத்தில் மின்சாரம் தாளின் போக்கில் சுலபமாக ஓடும், தாளுக்குத் தாள் குறுக்கே தாண்ட மிகவும் திணறும் என்று அளந்து காட்டினார்கள். அந்தத் தாளில் ஒன்றை மட்டும் தனியே பிரித்து 2004-இல் ஆராய்ந்ததற்காக கெய்முக்கும் நோவோசெலோவுக்கும் 2010-இல் நோபல் பரிசு கிடைத்தது. கிருஷ்ணன் நம் மலையடிவாரத்துக்காரர் என்பதை நம் பாடநூல்கள் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம்.

இனி, படிக்கும் வழி. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆய்விதழைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் மதுரை பஸ் ஏறி, கருமாத்தூர், செக்கானூரணி தாண்டி, நாகமலை ஓரம் காமராசர் பல்கலைக்கழக வாசலில் இறங்க வேண்டும். 1966-இல் தொடங்கிய பல்கலைக்கழகம். நூலகத்துக்கு முதல் துணைவேந்தர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனாரின் பெயர். தேவையான கட்டுரையைக் கண்டுபிடிப்பதே பாதி நாள். பிறகு ஜெராக்ஸ். ஒரு கட்டுரையின் கடைசியில் இருக்கும் மேற்கோள் பட்டியலைப் பிடித்துக்கொண்டு அடுத்த கட்டுரைக்குப் போவது, அதிலிருந்து இன்னொன்றுக்கு. அப்படித் தேடிப் படித்தது நினைவில் நின்றது.

நாட்டளவில் 2001-இல் நானோ அறிவியல் தொழில்நுட்ப முனைப்பு, 2007-இல் நானோ மிஷன் என்று திட்டங்கள் வந்தன, பெரிய கருவிகள் வந்தன. உசிலம்பட்டிப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய மாற்றம் கட்டுரைகளின் வேலி திறந்தது. கீழடிக் கட்டுரையை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் போனில் இறக்கிப் படிக்கலாம். ராமன் 1934-இல் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதமியின் இதழ்களும் அப்படியே. மாணவர்களுக்கென்றே எளிமையாக எழுதப்படும் ‘ரெசொனன்ஸ்’ இதழிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. ஐஐடி பேராசிரியர்களின் நானோ பாடங்கள் என்பிடெல் காணொளிகளாக இருக்கின்றன. நம் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் கிடைக்கும். அதைப் பலர் அலட்சியமாகக் கடந்துவிடுகிறார்கள். நான் சொல்வேன், சோதனையை எப்படிச் செய்தார்கள் என்று ஆய்விதழ் நாலு வரியில் முடிப்பதை ஆய்வேடு நாற்பது பக்கத்தில் எழுதும். 2025 ஜனவரி முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்குச் சுமார் 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. அரசுக் கல்லூரியில் சேரும் பிள்ளை முதல் வாரமே நூலகரிடம் இதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தமிழில் வாசித்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போகலாம் என்பவர்களுக்கு ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் அருண் நரசிம்மன் எழுதிய ‘நேனோ: ஓர் அறிமுகம்’ இருக்கிறது. இன்னும் பத்துப் புத்தகம் தமிழில் வேண்டும் என்பது என் ஆதங்கம்.

படித்தால் மட்டும் போதாது, செய்து பார்க்க வேண்டும். அந்தச் சாறு எது என்ற கேள்வியை நம் ஊரிலேயே கையில் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஒரே மண்ணில் சிறு கிண்ணங்கள் செய்து, ஒன்றில் ஆவாரை, ஒன்றில் கற்றாழை, ஒன்றில் வேலம்பிசின், ஒன்றில் வேப்பெண்ணெய், ஒன்றில் எதுவும் பூசாமல், எல்லாவற்றையும் ஒரே சூளையில் கவிழ்த்துச் சுட வேண்டும். எதுவும் பூசாத கிண்ணம் கட்டாயம் வேண்டும், அது இல்லாமல் ஒப்பிட முடியாது. சூளைக்குள் ஒரு வெப்பமானியும் வைக்க வேண்டும். சுட்டெடுத்த கருப்பைச் சுரண்டி, பெயர் எழுதி, சென்னை ஐஐடியில் இருக்கும் உயர்நிலைப் பகுப்பாய்வுக் கருவி மையத்துக்குக் கட்டணம் கட்டி அனுப்பலாம். வெளியிலிருந்து வரும் மாதிரிகளையும் அங்கே சோதித்துத் தருகிறார்கள். முதலில் ராமன் சோதனை. அதில் குழாயின் அடையாளம் தெரிந்தால் மட்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் போகலாம், அதற்குச் செலவு அதிகம்.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். ஆவாரைச் சாறு பச்சை மண்ணில் பிடிக்காது, பானை பாதி காய்ந்த பதத்தில் பூசிக் கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும் என்று உடனே திருத்தினார். புரட்டாசி மழைக்கு முன்னால் சூளை போட்டால் விறகு ஈரமில்லாமல் இருக்கும் என்றும் சொல்லியிருக்கிறார். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மண் எடுக்க எந்தக் கண்மாய் என்று இந்த வாரம் பார்க்க வேண்டும்.