வலையமைப்பு மாற்றமும் இணையக் காணொளியும்

வலையமைப்பு மாற்றம் என்பது, கைப்பேசி போன்ற கருவி ஒரு கம்பியில்லா இணைப்பை விட்டு இன்னொன்றுக்கு மாறுவதாகும். அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் காணொளி நிற்காமல் காப்பது நெடுநாள் சிக்கலாக இருந்தது.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டுக்குச் செல்லும் பேருந்து, இடையில் கோட்டக்குப்பம் முதலிய தமிழ்நாட்டு ஊர்களைக் கடந்து மீண்டும் புதுச்சேரி எல்லைக்குள் நுழைகிறது. பிரெஞ்சுப் பகுதிகள் துண்டு துண்டாக இருந்ததன் எச்சம் இது. ஆனால் பயணியின் கைப்பேசிக்கு இந்த எல்லை தெரியாது. தொலைத்தொடர்பைப் பொறுத்தவரை புதுச்சேரி தமிழ்நாட்டு வட்டத்தில் அடங்கும் (மாகே கேரள வட்டத்தையும் ஏனாம் ஆந்திர வட்டத்தையும் சேர்ந்தவை). கோபுரத்துக்குக் கோபுரம் இணைப்பைக் கைமாற்றும் வேலையை நிறுவனத்தின் வலையமைப்பே பார்த்துக்கொள்கிறது.

உண்மையான எல்லை வேறு. காலாப்பட்டில் 1985இல் நிறுவப்பட்ட புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போன்றதொரு வளாகத்தின் வைஃபையில் விரிவுரை பார்க்கும் மாணவர், வாயிலைத் தாண்டி 4ஜிக்கு மாறினால் அவருடைய ஐ.பி. முகவரியே மாறிவிடுகிறது. இணையத்தில் அந்த முகவரி, இருக்கும் இடத்தையும் குறிக்கிறது, ஆளையும் குறிக்கிறது. எனவே முகவரி மாறியவரை வழங்கி புதியவராகவே கருதும். பழைய இணைப்பு அறுந்துபோகும்.

இதற்குத் தீர்வாக 1996இல் மொபைல் ஐ.பி. நெறிமுறை வெளியானது. வீடு மாறியவரின் கடிதங்களைப் பழைய அஞ்சலகம் புது முகவரிக்குத் திருப்பி அனுப்புவது போன்ற ஏற்பாடு அது. தரவு சுற்றுவழியில் வருவதால் தாமதம் கூடியது. வலையமைப்புகளும் தனியே அதற்கென ஒத்துழைக்க வேண்டியிருந்தது. வெவ்வேறு வகை வலையமைப்புகளுக்கிடையே கைமாற்றத்தை எளிதாக்க 2009இல் வெளிவந்த ஐ.இ.இ.இ. 802.21 தரமும் பரவலாகவில்லை. நல்ல யோசனைகள்தாம், ஆனால் பலர் ஒரே நேரத்தில் மாறினால்தான் பயன் தருபவை.

வெற்றி பெற்றது எளிய வழி. ஆப்பிளின் எச்.எல்.எஸ். (2009), பன்னாட்டுத் தரமான எம்பெக்-டாஷ் (2012) ஆகியவை காணொளியைச் சில நொடித் துண்டுகளாக வெட்டிப் பல தரங்களில் வைக்கின்றன. கைப்பேசி தன் வேகத்தை அளந்து, அடுத்த துண்டை ஏற்ற தரத்தில் கேட்டு வாங்குகிறது. இடையில் முகவரி மாறினாலும் முன்பே சேமித்த துண்டுகள் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த துண்டு புது முகவரிக்கு வரும். 2021இல் தரமாக்கப்பட்ட குயிக் நெறிமுறையோ முகவரிக்குப் பதில் தனி அடையாள எண்ணால் இணைப்பைக் காக்க வழிசெய்கிறது.

காணொளி அழைப்புக்கு மட்டும் இந்தச் சேமிப்பு உதவாது. இன்னும் பேசாத சொல்லை முன்கூட்டிச் சேமிக்க முடியாதல்லவா? உரையாடல் இயல்பாக இருக்க ஒருவழித் தாமதம் ஏறத்தாழ 150 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும். அதனால்தான் வளாக வாயிலில் திரைப்படம் தடையின்றி ஓட, வீட்டாருடன் பேசும் அழைப்பு மட்டும் சற்றே உறைந்து நிற்கிறது.