உறுதிமொழியும் கருக்கலைப்பும்: மருத்துவ மாணவர் நோக்கின் வரலாறு

கருக்கலைப்புப் பற்றிய விவாதங்களில் ஹிப்போகிறற்றீஸின் உறுதிமொழி முதற் சான்றாக எடுத்தாளப்படுவது வழக்கம். மருத்துவ மாணவர் அதனைத் தம் தொழிலின் மாறா விதியெனக் கருதுதல் இயல்பே. ஆயின், அவ்வுறுதிமொழியின் வரலாறு அக்கருத்துக்கு இடந்தருவதாயில்லை.

பெண்ணொருத்திக்குக் கருவழிக்கும் செருகுமருந்தைக் கொடேன் என்பதே கிரேக்க மூலத்திற் காணப்படும் வாக்கு. அம்மருந்து மட்டும் விலக்கப்பட்டதா, கருக்கலைப்பு முழுவதுமே விலக்கப்பட்டதா என்பதில் அறிஞர் இன்றும் ஒருமித்தாரல்லர். ஹிப்போகிறற்றீஸின் பெயரால் வழங்கும் நூற்றொகுதியிலேயே, கருவுற்ற பாடகி ஒருத்தியைக் குதிகால் பிட்டத்திற் படுமாறு துள்ளிக் குதிக்கும்படி மருத்துவர் பணித்ததும், ஏழாந் துள்ளலில் வித்து வெளிப்பட்டதும் கூறப்பட்டுள்ளன! கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சொறானஸ் தம் காலத்து மருத்துவர் இரு பிரிவினராய் நின்றமையைப் பதிவு செய்துள்ளார். ஒரு சாரார் ஹிப்போகிறற்றீஸைச் சுட்டிக் கருவழி மருந்துகளை அறவே மறுத்தனர். மறுசாரார், பிறர்மனைக் கூட்டுறவை மறைத்தற்கும் அழகைப் பேணுதற்கும் அவற்றை மறுத்து, மகப்பேற்றில் தாய்க்கு இடர் நேரும் என்ற நிலையில் மட்டும் வழங்கினர். இன்றைய மாணவர் விவாதங்களிற் கேட்கும் குரல்கள் யாவும் அன்றே எழுந்துவிட்டன எனலாம். 1943இல் லுட்விக் எடெல்ஸ்ரைன், உறுதிமொழி பைதகரஸ் வழியினரின் கொள்கையேயன்றிக் கிரேக்க மருத்துவரின் பொதுக்கொள்கையன்று என வாதித்தார். அம்முடிபைப் பின்வந்தோர் முற்றாக ஏற்றிலராயினும், பழைய நம்பிக்கை அதனால் தளர்ந்தது.

நாற்சி மருத்துவர் புரிந்த கொடுமைகள் வெளிப்பட்டபின், உலக மருத்துவச் சங்கம் 1948இல் ஜெனிவாவிற் புதிய உறுதிமொழியொன்றை வகுத்தது. மனித உயிரைக் கருத்தரித்த காலந்தொட்டு மதிப்பதாக அது கூறிற்று. பிரித்தானியா 1967இல் கருக்கலைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. மனச்சாட்சி இடந்தராத மருத்துவர் விலகிநிற்கவும் அதில் ஏற்பாடுண்டு. 1970இல் ஒஸ்லோவிற் கூடிய அதே சங்கம், சட்டம் இடமளிக்கும் நாடுகளிற் சிகிச்சை நோக்கிலான கருக்கலைப்பை ஏற்றது. ஆயின் ஜெனிவா வாசகத்தைத் தொடாது விட்டது. ஒன்றையொன்று மறுக்கும் இரு பிரகடனங்களை ஒரு சங்கமே பதின்மூன்று ஆண்டுகள் சுமந்தமை வியப்புக்குரியது. 1983இல் அவ்வாசகம் ‘அதன் தொடக்கந்தொட்டு’ எனத் திருத்தப்பட்டது. 2005இல் காலக்குறிப்பே நீக்கப்பட்டது.

மாணவர் தாமே இவ்வரலாற்றில் இயங்கியமை ஐக்கிய அமெரிக்காவில் தெளிவாகக் காணக்கிடக்கின்றது. 1993 மார்ச்சில் டேவிட் கண் என்னும் மருத்துவர் புளோரிடாவிற் சுட்டுக்கொல்லப்பட்டார். கருக்கலைப்பு மருத்துவரை இழித்துரைக்கும் நகைச்சுவைத் துண்டுநூலொன்று அக்காலத்தில் மருத்துவ மாணவர் பலருக்கு அஞ்சலில் அனுப்பப்பட்டது. அச்சுறுத்துதற்கு அனுப்பப்பட்ட நூல் எதிர்விளைவையே தந்தது: அவ்வாண்டிலேயே மாணவர் அமைப்பொன்று தோன்றி, பாடவிதானத்திற் கருக்கலைப்பைச் சேர்க்குமாறு கோரிற்று.

இலங்கையிலோ, 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையே இற்றைவரை ஆட்சி செய்கின்றது. தாயின் உயிரைக் காக்கும் நோக்கமின்றிச் செய்யப்படும் கருக்கலைப்பு அதன் 303ஆம் பிரிவின்படி குற்றமாகும். இதற்கு முன்மாதிரியான சட்டக்கோவையைக் கொண்டிருந்த இந்தியா 1971இல் விதியைத் தளர்த்தியது. இலங்கையில் 1995இல் முன்வைக்கப்பட்ட திருத்தம் எதிர்ப்பினாற் கைவிடப்பட்டது. ஆகவே இந்நாட்டு மாணவர் இப்பொருளைச் சட்ட மருத்துவ விரிவுரையிற் குற்றமாகக் கற்கின்றனர். பெண்நோயியல் விடுதியிலோ, மறைவிற் செய்த கருக்கலைப்பினால் நச்சுத்தொற்றுக்கு ஆளான நோயாளியாகக் காண்கின்றனர். அவளுக்குச் சிகிச்சையளித்தலைச் சட்டம் தடுப்பதில்லை. எனினும், தண்டனைக்கு அஞ்சி அவள் உண்மையை மறைக்குமிடத்து, நோயாளியின் இரகசியத்தைக் காப்பேன் என்னும் வாசகம் மாணவர்முன் எழுகின்றது. அதுவும் அதே பழைய உறுதிமொழியில் உள்ளதே.