ஹாஷ் டேபிளும் திருவொற்றியூர் கடற்கரையும்

தலைப்பைப் பார்த்து மிரள வேண்டாம் நண்பர்களே. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

போன செமஸ்டரில் நான் எழுதிய புரோகிராம் ஒரு பெயர்ப் பட்டியலைப் படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். பிறகு யூனிக்ஸின் 'சார்ட்' கட்டளையை ஓட்டி அந்த ஃபைலை வரிசைப்படுத்தும். கட்டளை ஒழுங்காக வேலை செய்தது, ஃபைலும் மாறியது. ஆனால் திரையில் வந்தது பழைய பட்டியல்! என் புரோகிராம் ஃபைலை மறுபடி படிக்கவே இல்லை. இப்படி வேகத்துக்காகக் கையோடு வைத்துக்கொள்ளும் நகலைத்தான் 'கேஷ்' என்கிறார்கள் (பணம் இல்லை!).

இந்தத் தலைவலிக்கு வயது அதிகம். பெர்க்லி மாணவர் பில் ஜாய் எழுதிய சி ஷெல், 1979இல் 2பிஎஸ்டி தொகுப்பில் வெளிவந்தது. எந்தக் கட்டளை எந்த டைரக்டரியில் இருக்கிறது என்று அது ஆரம்பத்திலேயே ஒரு ஹாஷ் டேபிள் போட்டு வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் தேட வேண்டாம், வேகம். ஆனால் நடுவில் புதுக் கட்டளை ஒன்றை நிறுவினால், ஃபைல் கண்ணெதிரே இருக்கும், ஷெல் மட்டும் "இல்லை" என்று சாதிக்கும். 'ரீஹாஷ்' என்று அடித்தால்தான் வழிக்கு வரும். 1989இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ் ஷெல்லும் பழைய விலாசத்தை நினைவில் வைக்கும். அதை மறக்கடிக்க 'ஹாஷ் -ஆர்'.

இதற்கெல்லாம் முன்பே, 1976இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய 'மேக்' வேறு வழியில் போனது. ஃபைல் கடைசியாக எப்போது மாறியது என்று பார்த்துத்தான் எதையும் முடிவு செய்யும். நமக்கும் அதுதான் பாடம். கட்டளையை ஓட்டும் முன் நம் மாற்றங்களை டிஸ்கில் எழுதிவிட வேண்டும். அது முடிந்ததும் மறுபடி படிக்க வேண்டும்.

சரி, திருவொற்றியூர் எங்கே வந்தது? இதே கதை எங்கள் பக்கம் கல்லிலும் மணலிலும் நடந்திருக்கிறது.

1876இல் மதராஸ் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பர் புயலில் அது உடைந்தது, மறுபடி கட்டினார்கள். இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் கரையை அரித்தது. கட்டியது துறைமுகம், மாறியதோ கரை. பழைய வரைபடத்துக்கு அது தெரியாது.

1991இல் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு விதித்தது. அதன்படி தயாரித்த தமிழ்நாட்டு வரைபடங்களுக்கு 1996இல் ஒப்புதல் கிடைத்தது. 2001இல் எண்ணூர் துறைமுகம் (இன்று காமராஜர் துறைமுகம்) புதிய அலைதடுப்புச் சுவர்களோடு திறக்கப்பட்டது. 1996இல் வரைந்த தாளுக்கு 2001 எப்படித் தெரியும்? கோடு நகர்ந்தால் 500 மீட்டரும் நகரும். எந்தக் குப்பம் கோட்டுக்கு உள்ளே, எந்தக் கட்டடம் வெளியே என்ற கணக்கும் மாறும்.

ஒரு சுவர் எழும்பினால் கரையை மறுபடி அளக்க வேண்டும். அதுதான் கடற்கரைக்கு 'ரீஹாஷ்'.

என் புரோகிராம் தப்பாகக் காட்டினால் இன்னொரு தடவை ஓட்டிக்கொள்ளலாம். கடல் கொண்டுபோன வீட்டை என்ன செய்வது?