ஏரி நிரம்பினால் கமாண்டர் யாரு?

ஐடி வேலையில் ஆன்-கால் பார்த்தவர்களுக்கு ‘இன்சிடென்ட் கமாண்டர்’ என்ற பெயர் பழக்கம்தான். நடுராத்திரி சர்வர் படுத்துக்கொண்டால் ஒருத்தர் அந்தப் பொறுப்பை எடுப்பார். கோடில் கை வைக்க மாட்டார். யார் எதைப் பார்ப்பது என்று பிரித்துக் கொடுப்பது மட்டும்தான் அவர் வேலை. இது நம்ம துறையின் சரக்கு இல்லைங்க, தீயணைப்புக்காரர்களிடம் வாங்கியது.

1970 இலையுதிர் காலத்தில் தெற்கு கலிபோர்னியா பற்றி எரிந்தது. 13 நாட்களில் 16 உயிர்கள், சுமார் 700 கட்டடங்கள், 5 லட்சம் ஏக்கருக்கு மேல் போனது. ஒரு துறையின் ரேடியோ இன்னொரு துறைக்கு எட்டவில்லை. ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு பெயர். யார் உத்தரவு செல்லும் என்பதிலேயே குழப்பம். அதற்கு மருந்தாக ‘ஃபயர்ஸ்கோப்’ என்ற திட்டத்தில் இந்த முறை பிறந்தது. விதிகள் ரொம்ப எளிமை: ஒருவருக்கு ஒரே மேலாள். ஒருவரின் நேரடிப் பொறுப்பில் 3 முதல் 7 பேர். சங்கேதக் குறியீடு வேண்டாம், சாதாரணப் பேச்சு போதும். எல்லாவற்றையும்விட முக்கியம், முதலில் போய்ச் சேர்பவர்தான் கமாண்டர்; மூத்தவர் வந்ததும் நிலைமையை விளக்கி முறைப்படி பொறுப்பைக் கைமாற்ற வேண்டும்.

இந்தியாவுக்கு இது 2001 குஜராத் பூகம்பத்துக்குப் பிறகு வந்தது. முசோரி அகாடமியில் அதிகாரிகளுக்குப் பயிற்சி தொடங்கியது. சுனாமி, 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டம் எல்லாம் தாண்டி, 2010 ஜூலையில் தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் நம்ம நிர்வாகத்துக்கு ஏற்ற வடிவத்தை வெளியிட்டது. அமெரிக்காவில் தனிப் பிரிவாக இருந்த நிதியை இங்கே லாஜிஸ்டிக்ஸுக்குள் அடக்கிவிட்டார்கள். (அருமையான ஃபோர்க்!) மாவட்டத்தில் கலெக்டர் பொறுப்பு அதிகாரி. தாலுகா வரை குழுவை முன்கூட்டியே பெயர் குறித்து வைக்க வேண்டும்.

இதைப் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வைத்துப் பாருங்க. ஏரி நீர்வளத்துறையுடையது. தெருவும் வடிகாலும் ஆவடி மாநகராட்சி. வருவாய்த்துறைக்கு ஆவடி தாலுகா, திருவள்ளூர் மாவட்டம். போலீசுக்கு 2022-லிருந்து தனி ஆவடி கமிஷனரகம். அதன் எல்லையும் மாவட்ட எல்லையும் ஒன்றல்ல. தேசிய மீட்புப் படை வரவேண்டியது அரக்கோணத்திலிருந்து. இத்தனை துறைகளையும் ஒரே திட்டத்துக்குள் உட்கார வைக்கத்தான் கலிபோர்னியாக்காரர்கள் அவ்வளவு மெனக்கெட்டார்கள்.

ஆனால் ராத்திரி 2 மணிக்குக் கரையில் தண்ணீர் கசிந்தால் முதலில் அங்கே நிற்பது தாசில்தார் இல்லை. ஏரி லஸ்கரோ, பக்கத்துத் தெருப் பையன்களோதான். பொதுமக்களுக்கான ‘ஆப்தா மித்ரா’ பயிற்சி 12 நாள். அதில் பெரும்பகுதி தேடல், மீட்பு, முதலுதவி. நல்லதுதான். என் பார்வையில் அதில் அரை நாளையாவது ஒரே ஒரு ஒத்திகைக்கு ஒதுக்கலாம்: முதலில் வந்த லஸ்கர், பின்னால் வரும் தாசில்தாரிடம் எங்கே கசிவு, எத்தனை வீடு, யாரை எங்கே அனுப்பியிருக்கிறோம் என்று 2 நிமிஷத்தில் சொல்லி ஒப்படைப்பது. தாசில்தாரும் நின்று கேட்பது.