ரமண மகரிஷியின் கையில் வந்த சிறு கட்டி

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துக்குப் போகிறவர்கள் சமாதி மண்டபத்தைச் சுற்றிவிட்டு, மகரிஷி கடைசியாக இருந்த அந்தச் சின்ன அறையையும் எட்டிப் பார்ப்பார்கள். அந்த அறைக்கு அவர் வந்த கதை ஒரு சிறு கட்டியில் ஆரம்பிக்கிறது.

1949 தொடக்கம். மகரிஷியின் இடது முழங்கைக்குக் கீழே ஒரு சிறிய கட்டி. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிப்ரவரியில் ஆசிரம டாக்டர் அதை வெட்டி எடுத்தார். அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ஒரே மாதத்தில் அதே இடத்தில், முன்பைவிடப் பெரிதாக, வலியோடு திரும்பி வந்தது. சார்கோமா! சதை, கொழுப்பு, நரம்பு போன்ற திசுக்களில் வருகிற புற்றுநோய்.

இது ஏன் திரும்பி வருகிறது? வெளியே பார்த்தால் கோலிக்குண்டு மாதிரி தனியாக இருக்கும். ஆனால் அதைச் சுற்றியுள்ள நல்ல சதைக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாமல் புற்றணுக்கள் பரவியிருக்கும். மேடாகத் தெரிவதை மட்டும் எடுத்தால் மிச்சம் உள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் இன்று முதலில் பயாப்சி, ஸ்கேன், பிறகு சுற்றியுள்ள நல்ல சதையோடு சேர்த்து அகலமாக வெட்டுவது, தேவைப்பட்டால் கதிர்வீச்சு என்று போகிறார்கள். பெரும்பாலும் கையையும் காப்பாற்றி விடுகிறார்கள். 1949-ல் ஸ்கேன் ஏது?

மார்ச் இறுதியில் சென்னையிலிருந்து டாக்டர்கள் வந்து இரண்டாவது முறை ஆபரேஷன் செய்தார்கள். புண் சரியாக ஆறவில்லை. கட்டி இன்னும் மேலே வளர்ந்தது. கையையே எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் சொன்னதற்கு மகரிஷி சம்மதிக்கவில்லை. ரேடியம் வைத்தார்கள், ஆகஸ்டில் மூன்றாவது ஆபரேஷன், டிசம்பர் 19-ல் நான்காவது. நடுவில் மூலிகை வைத்தியம், ஹோமியோபதி என்று பக்தர்கள் ஆளுக்கு ஒன்றைக் கொண்டுவர, அவர் எதையும் மறுக்கவில்லை. அவரவர் மனம் நோகக்கூடாது என்பதற்காகத்தான் இருக்க வேண்டும்! தரிசனத்தை நிறுத்த மட்டும் கடைசிவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு உயிர் பிரிந்தது. வயது 70.

ஆசிரம டாக்டரைக் குறை சொல்வது சுலபம், ஆனால் நியாயமில்லை. இப்படி வருகிற கட்டிகளில் பெரும்பாலானவை வெறும் கொழுப்புக் கட்டிகள்தான். திரும்பி வந்ததுதான் எச்சரிக்கை மணி. கர்ப்பப்பை விஷயத்திலும் இதே கதைதான். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ரத்தப்போக்கு வந்து, பயாப்சியில் 'புற்று இல்லை' என்று வந்த பிறகும் போக்கு தொடர்ந்தால் மறுபடி பார்க்க வேண்டும் என்கிறார்கள். உடல் பருமன், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்னும் முக்கியம். அந்தச் சின்னத் துண்டில் அகப்படாதது பக்கத்திலேயே இருக்கலாம் அல்லவா?

மகரிஷி மறைந்த காலத்தில் தமிழ்நாட்டில் புற்றுநோய்க்கென்றே தனி ஆஸ்பத்திரி கிடையாது. சென்னை பொது மருத்துவமனையில் 1934-ல் தொடங்கிய பர்னார்டு கதிரியக்க நிலையம் இருந்தது, அவ்வளவுதான். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல வருடம் போராடி, அடையாறில் கேன்சர் இன்ஸ்டிடியூட்டைத் திறந்தது 1954-ல்தான். வெறும் 12 படுக்கைகளோடு.