காளஹஸ்தித் துணியும் ஒரு கடன் மனுவும்

எங்கள் லண்டன் வீட்டு ஹாலில் ஒரு துணி மாட்டியிருக்கிறது. நடுவில் ராமர் பட்டாபிஷேகம். சுற்றிலும் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள், அவற்றோடு தெலுங்கில் ஒவ்வொரு வரி. போன வாரம் சாப்பிட வந்த ஆபீஸ் நண்பர் அதைப் பார்த்துவிட்டு "நல்ல பிரிண்ட்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பிரிண்ட் இல்லை சார், கையால் வரைந்தது என்று ஆரம்பித்தவன், சாதம் ஆறிப்போகும்வரை விடவில்லை :-) அவரிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பிச்சாட்டூர். ஆரணியாறு அணை இருக்கும் ஊர். முன்பு சித்தூர் மாவட்டம், 2022லிருந்து திருப்பதி மாவட்டம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. கே.வி.பி.புரம் வழியாக வடக்கே போனால் காளஹஸ்தி. நமக்கு அது கண்ணப்ப நாயனார் ஊர், தேவாரம் பாடிய திருக்காளத்தி. அங்கே ஓடும் ஸ்வர்ணமுகிதான் தமிழில் பொன்முகலி. சின்ன வயதில் எனக்கு அது வெறும் கோயில் ஊர். கலம்காரி ஊர் என்பது வேலைக்குப் போன பிறகுதான் உறைத்தது.

கலம் என்றால் பாரசீகத்தில் எழுதுகோல், காரி என்றால் வேலை. ஆந்திராவில் இதற்கு இரண்டு ஊர் பிரசித்தம். மசூலிப்பட்டினத்தில் மர அச்சு வைத்துப் பதிப்பார்கள். காளஹஸ்தியில் வரைவார்கள். எழுதுகோல் என்பது ஒரு மூங்கில் குச்சி. நுனிக்குச் சற்று மேலே கம்பளி சுற்றியிருக்கும். சாயத்தில் தோய்த்துவிட்டு அந்தச் சுற்றை விரலால் அழுத்த அழுத்த, சாயம் நுனிக்கு இறங்கும். துணியை முதலில் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்துக் காயவைக்கவேண்டும். பால் ஏறாத துணியில் கோடு பரவிவிடும். கறுப்புக்கு, துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் புளிக்கவிடுவார்கள். கடுக்காய் ஏறிய துணியில் அந்த நீர் பட்டால் கறுத்துவிடும். சிவப்புக்குப் படிகாரம் தடவி, வேர்ச்சாயத்தில் கொதிக்கவைக்கவேண்டும். நடுநடுவே ஓடும் தண்ணீரில் அலசவேண்டும். இந்தத் தொழில் ஆற்றை விட்டு நகராததற்கு இதுவே காரணம்.

இப்படி வரைந்த துணிகள் கோயில்களில் தொங்கின. எழுத்துத் தெரியாதவர்களும் கட்டம் கட்டமாக ராமாயணமும் பாரதமும் பார்க்கலாம். கதை சொல்கிறவருக்கும் அதுதான் துணை.

ஆதரித்தவர்கள் போனபிறகு, 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தக் கலை கிட்டத்தட்ட மூச்சை விட்டிருந்தது. 1952ல் அகில இந்தியக் கைவினை வாரியம் வந்தது. அதற்குத் தலைமை தாங்கிய கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியில், 1950களின் கடைசியில் காளஹஸ்தியில் பயிற்சி நிலையம் திறந்தார்கள். அங்கே கற்றுக்கொடுத்தவர் ஜொன்னலகட்ட லட்சுமய்யா. அவர் மகன் குரப்ப செட்டி, 1937ல் பிறந்தவர், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். அப்பாவிடம் கற்று இதற்கே வந்தார். வரைந்தார், கற்றுக்கொடுத்தார், எழுதினார். அவர் மகன் நிரஞ்சனும் கலம்காரிக் கலைஞர். மூன்று தலைமுறை.

இதில் என்னை யோசிக்கவைப்பது விருதுகள் இல்லை. குலத்தொழில் ரகசியத்தை வீட்டுக்குள்ளேயே பூட்டிவைப்பதுதான் நம் வழக்கம். லட்சுமய்யா வெளியார் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். பூட்டிவைத்திருந்தால் இன்று ஒரு குடும்பம் மிஞ்சியிருக்கலாம், ஊர் மிஞ்சியிருக்காது.

இப்போது அந்தச் சொல்லாமல் விட்ட கதை. 2005. எனக்கு 25 வயது, பி.காம். படித்துவிட்டு ஒரு வங்கியில் புது ஆபீசர். காளஹஸ்தியிலிருந்து ஒருவர் கடன் மனுவோடு வந்தார். அவருடைய அப்பா அந்தப் பயிற்சி நிலையத்தில் கற்றவராம். குலத்தொழில் கிடையாது. கேட்டது இருபதாயிரம் ரூபாய். நேரில் பார்க்கப் போனேன். கொல்லையில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன, பால் வாடை. முடிந்த சரக்கு எத்தனை என்றேன். "ஒண்ணும் இல்ல சார், எல்லாம் பாதி வேலையில இருக்கு" என்றார்.

பாதி வேலைக்கு என்ன மதிப்புப் போடுவது? காலேஜில் 'வொர்க் இன் பிராக்ரஸ்' என்று பக்கம் பக்கமாகப் படித்தவன்தான். ஆனாலும் செக்யூரிட்டி இல்லை, ஸ்டாக் இல்லை என்று நோட் எழுதினேன். மேனேஜர் கையெழுத்துப் போட்டார். மனு திரும்பிப்போனது. ரூல்படி நான் எழுதியதில் தப்பில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

2008ல் குரப்ப செட்டிக்குப் பத்மஸ்ரீ என்று பேப்பரில் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது பெரியவர் முகம் இல்லை, அந்தக் கொல்லைதான். லண்டன் கிளம்புமுன் காளஹஸ்திக்குப் போய் அவரைத் தேடினேன். அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். இன்னொருவரிடம் இந்தத் துணியை வாங்கிக்கொண்டு வந்தேன். பேரம் பேசவில்லை.

என் மகளுக்குத் தெலுங்கு தெரியாது. ராத்திரி ஒரு கட்டத்தைக் காட்டி "இது என்னப்பா?" என்பாள். தெலுங்கு வரியைப் படித்துத் தமிழில் கதை சொல்வேன். நேற்று அனுமார் கடல் தாண்டினார். அடுத்த தடவை யாராவது பிரிண்ட் என்றால், அந்தக் கடன் மனுவையும் சேர்த்தே சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.