மாலுமிகள் விழுங்கிய மாத்திரை

பாதுகாப்பில்லாத உடலுறவு. மறுநாள் காலையில் பயம். நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போய் இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டால் ஒன்றும் வராது என்று நம்புகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இது புது யோசனை அல்ல. அமெரிக்கக் கடற்படையே இதைச் செய்து பார்த்திருக்கிறது!

கொனோரியா எனப்படும் வெட்டை நோயின் கிருமியை 1879-இல் ஆல்பர்ட் நைஸர் என்ற ஜெர்மானிய மருத்துவர் கண்டுபிடித்தார். 1930களின் பிற்பகுதியில் இதற்கு சல்ஃபா மருந்துகள் வந்தன. பத்தாண்டு முடிவதற்குள் பல நோயாளிகளுக்கு அவை பலிக்காமல் போயின. நல்லவேளையாக 1943 முதல் பெனிசிலின் கைகொடுத்தது. ஓரிரு லட்சம் யூனிட் ஊசி போட்டாலே நோய் குணமானது.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945 நோபல் பரிசு உரையிலேயே ஓர் எச்சரிக்கை விடுத்தார். கடையில் தானே வாங்கிக் குறைந்த அளவில் சாப்பிடுகிறவரின் உடலில் கிருமி சாகாது, மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும், பிறகு அது அடுத்தவருக்கும் பரவும் என்றார். கேட்டவர்கள் குறைவு.

1940களின் இறுதியில், கரைக்குப் போய்த் திரும்பும் அமெரிக்க மாலுமிகளுக்கு நோய் வருமுன்பே பெனிசிலின் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். நோய் குறைந்தது. ஆனால் கிருமி சும்மா இருக்கவில்லை. வருடத்துக்கு வருடம் தேவைப்பட்ட மருந்தின் அளவு ஏறிக்கொண்டே போய், 1970களின் தொடக்கத்தில் 48 லட்சம் யூனிட் வரை வந்தது. 1976-இல் பெனிசிலினையே உடைத்துப் போடும் கொனோரியா கிருமி வெளிப்பட்டது. அதன் தடம் தூரகிழக்கு நாடுகளுக்கும் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் போனது.

1979-இல் இன்னொரு கடற்படை ஆய்வு வெளியானது. தூரகிழக்குத் துறைமுகம் ஒன்றில் பாலியல் தொழிலாளர்களிடம் சென்று வந்த 1,080 மாலுமிகளில் ஒரு பாதிக்கு மினோசைக்ளின், மறுபாதிக்கு வெறும் போலி மாத்திரை. போலி மாத்திரை பெற்றவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. மருந்து பெற்றவர்களில் சுமார் 5 சதவீதம். பாதியாகக் குறைந்ததே, வெற்றிதானே? இல்லை. மருந்துக்கு அடங்கும் கிருமிகளை மட்டுமே அது தடுத்தது. எதிர்ப்புச் சக்தி உள்ளவை தப்பித்தன. இதையே எல்லோருக்கும் கொடுத்தால், பலவீனமானவை அழிந்து பலசாலிகள் மட்டும் ஊரெங்கும் பரவும். ஆய்வாளர்களே இந்த முறையால் பெரிய பலன் இராது என்று எழுதினார்கள்.

கதை அதோடு முடியவில்லை. சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளையும் 2007-இல் அமெரிக்கா கொனோரியா சிகிச்சையிலிருந்து நீக்கியது. 2009-இல் ஜப்பானின் கியோட்டோவில், கடைசி நம்பிக்கையான செஃப்ட்ரியாக்சோனுக்கும் அடங்காத கிருமி ஒருவரிடம் கண்டறியப்பட்டது.

அப்படியானால் உறவுக்குப் பின் மாத்திரை என்பதே தவறா? அப்படியும் சொல்ல முடியாது. 2024-இல் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம், அபாயம் அதிகமுள்ள சில பிரிவினருக்கு 72 மணி நேரத்துக்குள் 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் தரலாம் என்று வழிகாட்டியது. சிபிலிஸ், கிளமிடியா இரண்டையும் அது நன்றாகத் தடுக்கிறது. கொனோரியாவிடம் அதன் பலம் குறைவு. அதுவும் மருத்துவரின் மேற்பார்வையில், அவ்வப்போது பரிசோதனையோடுதான்.

கடையில் தானே வாங்கி விழுங்குவதில் இவை எதுவும் இல்லை. எச்.ஐ.வி., ஹெர்பிஸ் போன்ற வைரஸ்களை ஆன்டிபயாடிக் தொடவே தொடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து வேறு. அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். மெடிக்கல் ஷாப் மாத்திரையை நம்பி உட்கார்ந்திருப்பவர் அந்த நேரத்தைத் தவற விடுகிறார். அரைகுறை மருந்து சிபிலிஸின் அறிகுறிகளை மறைத்து, நோயை உள்ளேயே வளர விடவும் கூடும்.

ஆணுறையும் பரிசோதனையும் மாத்திரையைப் போல உடனே மனதை ஆற்றுவதில்லை. ஆனால் மாத்திரை ஆற்றியது பெரும்பாலும் மனதை மட்டும்தான் என்பதை அந்த மாலுமிகளின் கதை சொல்கிறது.